புல்லை நடச் சொல்லும் முன் வாங்கும் பொறுப்பை எழுதிக் கொடுங்கள்

மத்திய பெட்ரோலியம், இயற்கை எரிவாயு அமைச்சகத்தாருக்கும், தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத் துறை அதிகாரிகளுக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மறுபடியும் நேப்பியர் புல் கூட்டம் நடந்தது, எரிவாயு எடுப்பதற்காக இந்த மாட்டுத்தீவனப் புல்லை நடச் சொல்லும் கூட்டம். கம்பெனி பெயர் புதுசு, பேச்சு எல்லாம் பழசு. ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் வெட்டலாம், ஏக்கருக்கு 150 டன்னுக்குக் குறையாது, வெட்ட ஆள் நாங்களே அனுப்புவோம், வண்டியும் எங்களுடையது, நீங்கள் தண்ணீர் மட்டும் விட்டால் போதும் என்றார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில், உயிரி எரிவாயு ஆலைகளுக்காக நீங்கள் கொண்டு வந்த 'சதத்' திட்டத்தின் பெயரும் இருந்தது. விவசாயத் துறை அதிகாரி ஒருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏனென்றால் மண்டபத்துக்கு வந்த சனங்கள் கம்பெனிக்காரர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டவில்லை, அந்தப் பேனரையும் அந்த நாற்காலியையும் பார்த்துத்தான் தலையாட்டினார்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2018 அக்டோபரில் 'சதத்' தொடங்கியபோது 2023-24க்குள் 5000 ஆலைகள், வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டன் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு என்று இலக்கு வைத்தீர்கள். அந்தக் கெடு வந்தபோது நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஆலைகள் நூறைக்கூட எட்டவில்லை. ஆனால் ஆலை கட்ட விருப்பம் தெரிவித்தவர்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த எல்.ஓ.ஐ. கடிதங்கள் (எரிவாயுவை வாங்கிக்கொள்ள எண்ணம் உண்டு என்று சொல்லும் கடிதங்கள்) ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் கடிதம் வைத்திருப்பவருக்கு ஆலை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இடம் வாங்கியிருக்கிறார் என்றுகூட அர்த்தம் இல்லை. ஆனால் அதை லேமினேட் செய்து ஒரு விவசாயியின் கையில் கொடுத்தால், மத்திய அரசின் பெயர் போட்ட எண்ணெய் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் அவர் நினைப்பார். அப்படித்தான் எங்கள் பகுதியில் புல் நடப்பட்டது, ஆலை வரும் முன்னே.

நான் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் செய்கிறவன். நேப்பியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் வரப்போரம் நாலு தூர் கோ-4, கோ-5 இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எங்கள் பால் மாடுகளைக் காப்பாற்றிய பயிர், அதில் எனக்கு மரியாதை உண்டு. நாட்டுக்குத் தேவையான இயற்கை எரிவாயுவில் பாதியளவு வெளியிலிருந்து கப்பலில் வருகிறது, அதில் ஒரு பங்கையாவது நம் மண்ணில் விளைந்த புல்லிலிருந்து எடுக்கலாம் என்றால் அதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது? எங்கள் தோட்டத்தில் விளைவது பஸ் ஓட்டும் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போதும் அது நடக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் புல் காத்திருக்காது.

நெல்லை அறுத்துக் களத்தில் போட்டுவிட்டு விலை வரும்வரை மூட்டையில் வைக்கலாம். மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு வருஷக்கணக்கில் குடோனில் வைத்தவர்கள் ஈரோட்டில் இருக்கிறார்கள். நேப்பியரில் அது நடக்காது. நட்டு 75 – 80 நாளில் முதல் வெட்டு, அப்புறம் ஒவ்வொரு 45 நாளுக்கும் ஒரு வெட்டு. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெட்டிப் போட்டால் ஒரு வெயில் போதும், எடை இறங்கிவிடும், டன் கணக்கில் காசு வாங்குகிறவனுக்கு அந்த எடை இறக்கம் நேரே நஷ்டம். சரி, வெட்டாமல் விட்டால்? தண்டு முற்றி மூங்கில் போல் ஆகிவிடும். முற்றின தண்டில் நார் ஏறிவிட்டால் ஆலைத் தொட்டியில் அது சரியாகச் செரிக்காது, எரிவாயுவும் குறையும், எனவே கம்பெனிக்காரர் அதைத் தொட மாட்டார். மாடும் மேல் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும்.

எங்கள் பகுதியில் முதல் வெட்டுக்கு வண்டி வந்தது. போட்டோ எடுத்தார்கள், மாலை போட்டார்கள். அடுத்த வெட்டுக்குத் தாமதமாக வந்தார்கள், எடையில் கழிவு போட்டார்கள், பணம் இழுத்தடித்து வந்தது. அதற்கு அடுத்த வெட்டுக்கு யாரும் வரவில்லை. போன் போட்டால், "ஆலையில் வேலை நடக்குதுங்க, அடுத்த வாரம் வந்துடும்" என்றார்கள். அப்புறம், "கேஸ் எடுக்கற பங்க்கில் பிரச்சினைங்க, அதனால உற்பத்தியைக் குறைச்சிருக்கோம்" என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. புல் ஆள் உயரம் தாண்டி, இரண்டு ஆள் உயரமாகி, அடியில் சோகை (காய்ந்த இலை) மண்டி எலிக்கும் பாம்புக்கும் இடமாகிவிட்டது. சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டிப் புல் நட்ட ஒரு பாட்டி, சாயங்காலம் ஆனால் பேரப்பிள்ளைகளை வாசலில் விடுவதில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் எங்களோடு சண்டைக்கு வந்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சொந்தச் செலவில் வெட்டி அப்புறப்படுத்தலாம் என்றால் ஆள் கூலிதான் முதல் அடி. முற்றின புல்லை வெட்ட ஆளும் லேசில் வருவதில்லை, சோகை உடம்பெல்லாம் அறுக்கும். வெட்டியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வரப்பில் போட்டால் கணுவிலிருந்து அங்கேயும் முளைக்கிறது. சரி, புல்லே வேண்டாம், அழித்துவிட்டு மஞ்சள் வைக்கலாம் என்று உழுதால், உழுத இடமெல்லாம் தூர் உடைந்து மறுபடி தழைக்கிறது. கடைசியில் ஜேசிபி வைத்துத் தூரோடு பெயர்க்க வேண்டியதாயிற்று. புல்லில் வந்த வருமானத்தை விடப் புல்லை எடுக்க ஆன செலவு அதிகம். அதற்குள் மஞ்சள் நடவுப் பட்டம் போய்விட்டது. பவானிசாகரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் ஓடும்போது, பாதி நிலத்தில் தூர் பெயர்த்த குழிகளோடு நின்றோம்.

இந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் போனால், எங்கேயும் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் நாங்கள் வேறு யாருக்கும் புல்லை விற்கக் கூடாது என்று இருந்தது, அவர்கள் எந்தத் தேதிக்குள் வெட்ட வேண்டும் என்று இல்லை. தரமில்லாத புல்லை அவர்கள் நிராகரிக்கலாம் என்று இருந்தது, அவர்கள் தாமதத்தால் தரம் கெட்டால் என்ன என்று இல்லை. நடவுக்குக் கரணை (நடுவதற்கு வெட்டின தண்டுத் துண்டு) அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்றும் இருந்தது. ஒரு ஹெக்டேருக்கு 33,000 கரணைக்கு மேல் வேண்டும். ஆலை ஓடாவிட்டாலும் அந்தக் கரணை விற்ற காசு அவர்களுக்குச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு மண்டபத்தில் கூட்டம் போடுகிறவர்களும் முதலில் விற்பது கரணையைத்தான். இதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். எரிவாயுவுக்காகப் புல் நடச் சொல்கிற யாராக இருந்தாலும், ஓடுகிற ஆலையைக் காட்டிவிட்டு, வெட்டும் நாளும் விலையும் பணம் தரும் கெடுவும் தவறினால் தர வேண்டிய இழப்பீடும் தமிழில் எழுதின ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்த பிறகுதான் ஒரு கரணையாவது விற்க வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. கரும்பைப் பாருங்கள். 1966-ல் வந்த கரும்பு கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளைக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. விலையை வருஷா வருஷம் மத்திய அரசே அறிவிக்கிறது, 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அந்தச் சட்டம் இருந்தும் ஆலைகள் நிலுவை வைக்கின்றன, கரும்பு விவசாயிகள் தெருவில் உட்காருகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு உட்கார்ந்து கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. வெட்டின பிறகு வீணாகும் பயிர் கரும்பு என்பதால்தானே அந்தப் பாதுகாப்பு? நேப்பியர் கரும்பைவிட வேகமாக வீணாகிறதே, அதற்கு என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுத் துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019-ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், பேசின விலையை விவசாயிக்குக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னீர்கள். நல்ல சட்டம். மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்த அதிகாரி, "இந்த ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், பாதிப் பேர் வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் சால்வையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆலைக்காரர்களுக்கு நீங்கள் செய்கிற உதவிகளை நான் பொறாமையில் சொல்லவில்லை, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஆலைக் கடனை 2020-ல் ரிசர்வ் வங்கி முன்னுரிமைக் கடனில் சேர்த்தது. கிலோ 46 ரூபாயாக இருந்த எரிவாயுக் கொள்முதல் விலை 54 ஆனது. பயிர்க்கழிவு சேகரிக்கும் இயந்திரம் வாங்க 564.75 கோடி ரூபாயில் திட்டம் போட்டு அதையும் ஆலைக்காரர் பெயருக்குத்தான் கொடுக்கிறீர்கள். எரிவாயு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை உரத்தை விற்க டன்னுக்கு 1500 ரூபாய் சந்தை உதவியும் 2023-ல் அறிவித்தீர்கள். எங்களிடம் பேசின புல் விலை டன்னுக்கு 1000 ரூபாய். புல்லுக்கு 1000, புல்லின் சக்கைக்கு உதவித்தொகை மட்டும் 1500! மண்ணிலிருந்து தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் வெட்டுக்கு வெட்டு உறிஞ்சிக்கொண்டு போகும் பயிர் இது, அந்த உரத்தில் ஒரு கூடையாவது எங்கள் நிலத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

எங்கள் மாவட்டம் இதையெல்லாம் புதிதாகப் பார்க்கவில்லை. 2003-ல் திட்டக்குழுவின் குழு ஒன்று காட்டாமணக்கு நட்டு, அதன் எண்ணெயை 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது, நட்டவர்கள் கொட்டையை வாங்க ஆள் தேடி அலைந்தார்கள். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழிக் கம்பெனி கவிழ்ந்தபோது, கோழிகளுக்குத் தீவனம் போட ஆள் இல்லாமல் அவை கொட்டகையில் செத்து விழுந்தன. இரண்டிலும் 'திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்ற வாக்குதான் விவசாயியை இழுத்தது. வாக்குக் கொடுத்தவர்கள் எழுந்து போன பிறகு நிலத்தோடு மிஞ்சி நிற்பவர்கள் நாங்கள். மூன்றாவது முறையும் அப்படி நடந்தால், உண்மையாகவே ஆலை கட்டி உண்மையாகவே காசு கொடுக்க வருகிற நாலு நல்ல கம்பெனியையும் இந்தப் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். தரிசு நிலத்தில் நடலாம் என்று சொல்கிறீர்கள், ஆனால் அந்த 150 டன் கணக்கு வாய்க்கால் தண்ணீரும் உரமும் உள்ள நிலத்துக் கணக்கு. தரிசில் அது வராது. வருவதெல்லாம் எங்கள் நல்ல நிலத்துக்குத்தான். நெல்லும் மஞ்சளும் விளைகிற நிலத்தைக் கொடுக்கிறோம் என்றால், அதற்கு ஈடாக ஒரு கையெழுத்தையாவது சட்டத்தோடு கேட்கிறோம்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்.

2025-26 முதல் நகர எரிவாயுவில் உயிரி எரிவாயு 1 சதவீதம் கலக்க வேண்டும், 2028-29ல் அது 5 சதவீதம் ஆகும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் புல் தேடி வருகிற கம்பெனிகள் இனிமேல்தான் அதிகமாகும், கல்யாண மண்டபங்களும் நிறையும். அதற்கு முன்பு இதைச் செய்யுங்கள்: எல்.ஓ.ஐ. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடவு கேட்கக் கூடாது என்று அமைச்சகம் எழுத்தில் அறிவிக்கட்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும், பதிவாகட்டும். வெட்டு நாள் தவறினால் எத்தனை நாளுக்கு எவ்வளவு இழப்பீடு என்று அதில் இருக்கட்டும். கரும்புக்குப் போல பணத்துக்குக் கெடுவும் வட்டியும் இருக்கட்டும். ஆலை நின்றுபோனால் தூர் எடுக்கும் செலவைக் கம்பெனி முன்கூட்டியே வைப்புத்தொகையாகக் கட்டட்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாத கூட்டத்துக்குத் துறை அதிகாரிகள் போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும், அதற்குப் பணம்கூட ஆகாது.

அடுத்த கூட்டம் கோபி பக்கம் என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். அதற்குள் அந்தச் சுற்றறிக்கையாவது வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்பவானிப் பாசனத்து விவசாயி ஒருவன்