கட்டுப்போட்ட முழங்காலும் சுமோ கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சுமோ வீரர் ஒருவரின் படம் வந்திருந்தது. இரண்டு முழங்காலிலும் கனத்த கட்டோடு அவர் களமிறங்கியதை ‘ஜப்பானிய வீரத்தின் அடையாளம்’ என்று எழுதியிருந்தீர்கள். வீரம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கட்டுக்குப் பின்னால் இருப்பதில் முக்கால்வாசி சம்பளக் கணக்கு.

சுமோவில் ஆண்டுக்கு 6 பாஷோ, அதாவது பெருந்தொடர். ஜனவரி, மே, செப்டம்பரில் டோக்கியோ. மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. ஒவ்வொன்றும் 15 நாள். ஒன்று முடிந்ததும் சுமார் 600 வீரர்களின் வரிசையும் புதிதாகப் போடப்படும். அந்தப் பட்டியலின் பெயர் பன்சுகே. நடுவர்கள் தூரிகை பிடித்துக் கையால் எழுதுவார்கள். உச்சியில் யோகோசுனாவின், அதாவது மிக உயர்ந்த தரத்தவரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். கீழே போகப் போக எழுத்து நூலாக இளைத்துவிடும். கடைசிப் பிரிவான ஜோனோகுச்சிக்குச் சுமோக்காரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘பூதக்கண்ணாடி’.

பிரிவுகள் ஆறு. மேலே இருக்கும் மக்குவுச்சியில் 42 பேர், அடுத்த ஜூர்யோவில் 28 பேர். மாதச் சம்பளம் இந்த 70 பேருக்கு மட்டும்தான். 2019-ல் உயர்த்திய விகிதப்படி ஜூர்யோவின் கடைசி ஆளுக்கும் மாதம் 11 லட்சம் யென், நம் கணக்கில் ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய். அவருக்கு ஓரிடம் கீழே, அடுத்த பிரிவான மகுஷிதாவின் முதலிடத்தில் இருப்பவருக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பாஷோ நடக்கும்போது 1,65,000 யென் கொடுப்பார்கள். அவ்வளவுதான். மேலே இருப்பவருக்கு வண்ணப் பட்டில் இடைக்கச்சை, தனி அறை, ஏவல் செய்ய இளைய வீரர்கள். கீழே இருப்பவருக்குக் கறுப்புப் பருத்திக் கச்சை, கூட்டத்தோடு கூட்டமாகப் பொது அறையில் படுக்கை. காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி முடித்து, மூத்தவர்கள் சாங்கோ குழம்பைச் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியது அவருக்கு. படி இறங்கினால் நேற்று வரை தனக்கு முதுகு தேய்த்துவிட்டவன் இன்று தனக்கு மேலே உட்கார்ந்திருப்பான்.

இனி முழங்காலுக்கு வருவோம். போட்டி வட்டத்தின் குறுக்களவு 4.55 மீட்டர். இறுகிய களிமண் மேடை. மேலே தூவியிருப்பது மெல்லிய மணல். வட்டத்தின் விளிம்பு 20 வைக்கோல் பொதிகளால் ஆனது. பொதிகளைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்திருப்பதால் அவை அசையாது. பின்னுக்குத் தள்ளப்படும் வீரர் குதிகாலை அந்தப் பொதியில் ஊன்றித்தான் எதிர்த்து நிற்கிறார். அந்த நொடியில் எதிராளி கையைப் பூட்டிப் பக்கவாட்டில் திருகினால் பாதம் ஊன்றிய இடத்திலேயே நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். மக்குவுச்சி வீரரின் சராசரி எடை 160 கிலோவை ஒட்டி இருக்கிறது. இருவர் எடையும் சேர்ந்து அந்த ஒரு மூட்டில் இறங்கும்போது தசைநார் அறுகிறது. மேடை ஏறக்குறைய 2 அடி உயரம், சுற்றிலும் மெத்தை கிடையாது. மேடையிலிருந்து விழும்போது அடிபடுவது தனிக் கணக்கு. காலைத் தூக்கித் தரையில் அறையும் ஷிகோ, இரு காலையும் அகல விரித்து மார்பைத் தரையில் படியவைக்கும் மத்தவாரி இரண்டையும் தினமும் செய்வது இடுப்பைத் தாழ்த்தி நிற்கவும் விழும்போது உடம்பு வளைந்து கொடுக்கவும்தான். அறுந்த தசைநாரை ஷிகோ ஒட்டவைக்காது.

அறுவை செய்து, மோதல் விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். ஒன்பது மாதம் என்றால் நாலைந்து பாஷோ. வராத நாளெல்லாம் தோல்வியாகவே எண்ணப்படும். மக்குவுச்சியின் நடுவில் இருப்பவர் ஒரு பாஷோ முழுக்க வராவிட்டால் ஜூர்யோவுக்கு இறங்குவார். இரண்டாவதையும் விட்டால் மகுஷிதா. நாலு மாதத்தில் சம்பளம் நின்றுபோகும். ஓய்வுக்குப் பிறகு சுமோ சங்கத்தில் மூத்தோராகத் தொடரும் வாய்ப்பும் இதோடு சேர்ந்து அடிபடுகிறது. அந்தப் பதவி 105 பேருக்குத்தான். சம்பளப் பிரிவுகளில் 30 பாஷோ, அல்லது மக்குவுச்சியில் மட்டும் 20 பாஷோ என்பது போன்ற தகுதி கேட்பார்கள். ஜப்பானியக் குடியுரிமையும் வேண்டும். அதனால்தான் அறுவையைத் தள்ளிப்போட்டு, கட்டைச் சுற்றிக்கொண்டு, 15-ல் 8 வெற்றியாவது தேறி இடம் தப்பாதா என்று வருகிறார்கள்.

முறையாகப் படுத்துச் சிகிச்சை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மங்கோலியாவில் பிறந்த தெருனோஃபுஜி சாட்சி. 2015-ல் ஓசெகி, அதாவது இரண்டாம் உயர்ந்த தரம். முழங்கால் காயமும் நீரிழிவும் சேர்ந்து தொடர்ந்து வர முடியாமல், 2019 மார்ச்சில் கீழிருந்து இரண்டாவது பிரிவான ஜோனிடானில் 48-ஆம் இடத்தில் நின்றார். அங்கிருந்து ஏறி 2020 ஜூலையில் மக்குவுச்சிப் பட்டம் வென்று, 2021-ல் 73-ஆவது யோகோசுனா ஆனார். இதைத் தன்னம்பிக்கைக் கதையாக எல்லோரும் எழுதுகிறார்கள். ஓசெகியாக இருந்தவர் ஒருவர் அந்த அளவுக்கு இறங்கியும் திரும்பி வந்தது அந்த ஒரு தடவைதான் என்பதைச் சேர்த்து எழுதுவோர் குறைவு.

இதற்கு ஒரு மாற்று இருந்தது. 1972 முதல் ‘கோஷோ’ என்றொரு முறை. பாஷோ மேடையில் அடிபட்டு, சங்கமும் அதை ஏற்றுக்கொண்டால், அடுத்த பாஷோவுக்கு வராவிட்டாலும் இடம் பறிபோகாது. சிறு காயத்துக்கும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள், மேல்வரிசையில் ஆளே இல்லை என்று சொல்லி 2003 முடிவோடு அதை எடுத்துவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. சங்கமே நியமிக்கும் மருத்துவர் பரிசோதிக்கட்டும் என்று வைத்திருந்தால் பாதிப் பொய் அடங்கியிருக்கும். ‘களத்துக் காயத்தைக் களத்து மணலால் ஆற்று’ என்று சுமோ உலகில் ஒரு வாசகம் புழங்குகிறது. சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

யோகோசுனாவுக்கு மட்டும் இறக்கம் கிடையாது; சரிப்படாவிட்டால் ஓய்வுதான். 2017 மார்ச் பாஷோவின் 13-ஆம் நாள் யோகோசுனா கிசெனோசாட்டோவின் இடது மார்பிலும் மேற்கையிலும் பலத்த அடி. அவர் விலகவில்லை. கடைசி நாளில் தெருனோஃபுஜியை இரண்டு முறை வீழ்த்திக் கோப்பையை வாங்கினார், நாடே அழுதது. அதற்குப் பிறகு தொடர்ந்து 8 பாஷோக்களில் முழுதாகவோ பாதியிலோ விடுப்பு. 2019 ஜனவரியில் முதல் மூன்று போட்டிகளும் தோற்று ஓய்வு பெற்றார். இடம் போகாது என்று தெரிந்தவரே அப்படிக் காயத்தோடு களமிறங்கினார் என்றால், சம்பளக் கோட்டின் மேல் நிற்கும் ஜூர்யோக்காரரிடம் போய் ‘படுத்து ஓய்வெடு’ என்று யார் சொல்வது?

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். அதே செய்தியில் ஓரிடத்தில் ‘விலகினார்’ என்றும் அடுத்த வரியில் ‘ஓய்வு பெற்றார்’ என்றும் ஒரே வீரரைப் பற்றி வந்திருக்கிறது. காயத்தால் பாஷோவுக்கு வராதது ‘கியூஜோ’; அதை ‘காய விடுப்பு’ என்று போடலாம். கொண்டையை வெட்டிக்கொண்டு ஒரேயடியாக வெளியேறுவது ‘இந்தாய்’; அதற்கு மட்டும் ‘ஓய்வு’ என்று போடுங்கள். கூடவே அந்த வீரரின் தரத்தையும் அடைப்புக்குறியில் ஒரு சொல்லாகக் கொடுத்தால், அவர் ஏன் அந்தக் கட்டோடு வந்தார் என்பது வாசகருக்குத் தானே விளங்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி