பல் முளைக்காததற்குத் தாய் என்ன செய்வாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குழந்தைகளின் பற்களைப் பற்றி வந்த கட்டுரையில், “வளர்ச்சியிலேயே வரும் பல் குறைபாடுகள் மிக அரிது, பள்ளிப் பிள்ளைகளிடம் நாம் காண்பவை எல்லாம் பெற்றோரின் கவனக்குறைவே” என்று ஒரு வாக்கியம் இருந்தது. பெங்களூரில் தமிழ்ப் பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளியொன்றில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். அந்த வாக்கியம் என்னை மிகவும் நோகச் செய்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எதை அரிது என்கிறீர்கள்? ஞானப்பல்லை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், நிலைத்த பற்களில் ஒன்றோ இரண்டோ உருவாகவே இல்லாத பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்தாறு பேர் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்வது தாங்கள் அறியாததல்ல. கூடுதல் பல் முளைப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. முதல் நிலைத்த கடைவாய்ப்பல்லின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சு, சரியாக இறுகாமலே முளைப்பது உலக அளவில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இவர்களை மட்டும் உட்கார வைத்தாலே ஒரு பெஞ்சு நிறைந்துவிடும்.

இந்தக் கடைசி வகையால்தான் தாய்மார்கள் அதிகம் பழி சுமக்கிறார்கள். ஆறு வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் அந்தப் பல் முளைப்பதால், அதையும் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அதன் எனாமல் பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்று வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் அதைத் திருத்த முடியாது. குறையுள்ள பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ முளைத்து, மெல்லும்போதே உதிர்கிறது, தண்ணீர் பட்டால் கூசுகிறது. கூசுவதால் பிள்ளை அங்கே பிரஷ் வைக்க மறுக்க, விரைவிலேயே சொத்தை விழுகிறது. பிறகு பள்ளி மருத்துவ முகாமுக்கு வருபவர் ஒரு நொடி வாயைப் பார்த்துவிட்டு, “சாக்லேட் கொடுக்காதீர்கள்” என்று அட்டையில் எழுதிவிட்டுப் போகிறார். வீட்டுவேலை செய்து பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு தாய், மிட்டாய் வாங்கித் தரவே வழியில்லாதவர், அந்த அட்டைக்காக மாமியாரிடம் வாங்கிய ஏச்சை நான் அறிவேன்.

இது இன்று நேற்று எழுந்த வருத்தமல்ல. கோலார் மாவட்டத்துக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்து, பின்பு இந்நகருக்கு வந்த பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள நீரைப் பல் உருவாகும் வயதில் குடித்தவர்களுக்கு வரும் பழுப்புக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அப்பிள்ளைகளைக் காலைக் கூட்டத்தில் நிறுத்தி, பல் துலக்கவில்லையா என்று கேட்ட சக ஆசிரியர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று கைக்குழந்தையைத் தூற்றும் பேச்சையே நாம் இன்னும் விட்டபாடில்லை. அதன்மேல் தங்களைப் போன்ற மதிப்புக்குரிய இதழே அச்சிட்டுத் தரும் பழியும் வேண்டுமா?

தாங்கள் அதே பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு பக்க முன்பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்துப் பல் வரவில்லையென்றால், உள்ளே கூடுதல் பல் தடுத்துக்கொண்டிருக்கிறதா, அல்லது பல்லே உருவாகவில்லையா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும், இந்நகரின் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருப்பதையும் அதில் சேர்த்தால் நல்லது. ஜூனில் வகுப்புகள் தொடங்குவதற்கு முன் வந்தால் பெற்றோருக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அல்சூர், பெங்களூரு