ஏழெழுத்து முருங்கைக்காய்க்கு இடம் போதாத மென்பொருள்

அனுப்புநர்:
மளிகை, காய்கறிக் கடைகளின் கணினிப் பொறுப்பாளர்கள்,
தேக்கா வட்டாரம், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கடை விற்பனை மென்பொருள் நிறுவனம்.

பொருள்: தமிழ் வசதி உண்டென்று விற்கப்பட்ட சந்தாவில் உள்ள குறைகளைத் திருத்தவும், குறுஞ்செய்திக்குக் கூடுதலாகப் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் விலைப்பட்டியலில் உயர்நிலைச் சந்தாவுக்கு நேரே "நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இயங்கும்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் கடைகள் மாதாமாதம் கூடுதல் வெள்ளி கட்டுகின்றன. செயலியைத் திறந்தால் பொத்தான்களில் தமிழ் இருக்கிறது. 'விற்பனை', 'இருப்பு', 'அறிக்கை' எல்லாம் சரிதான். கடைக்காரர் தம் பொருளின் பெயரைத் தமிழில் தட்டியதும் சிக்கல் தொடங்குகிறது. சேமிக்க, தேட, வரிசைப்படுத்த, ரசீது அடிக்க, வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப என்று ஒவ்வொரு வேலையிலும் ஏதோ ஒன்று உடைகிறது. எது உடைகிறது, ஏன் உடைகிறது, எப்படிச் சரி செய்வது என்று கீழே எழுதியிருக்கிறோம். தயவுசெய்து இதைத் தரவுத்தளத்தைத் தொடும் பொறியாளரிடம் கொடுங்கள்.

பொருள் பெயருக்கு 40 எழுத்து வரை இடம் என்கிறது திரை. 'முருங்கைக்காய்' என்று தட்டிச் சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் 'முருங்கைக்காய' என்று நிற்கிறது, வாலில் கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்புச் சாய்சதுரத்தோடு. தமிழில் எண்ணினால் அது ஏழே எழுத்து: மு, ரு, ங், கை, க், கா, ய். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் இந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறியெண்கள் (அடிப்படை எழுத்துக்கு ஒன்று, அதன் குறிக்கோ புள்ளிக்கோ ஒன்று), ஆக 14. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு 3 பைட், ஆக 42. உங்கள் தரவுத்தளம் 40-ஆவது பைட்டில் வெட்டுகிறது. 39 பைட்டோடு 13 குறியெண்கள் முடிந்துவிட, கடைசிப் புள்ளியின் முதல் பைட் மட்டும் அநாதையாக மிஞ்சுகிறது. அதைத்தான் சாய்சதுரமாகப் பார்க்கிறோம்.

'கொத்தமல்லித் தூள்' இன்னும் மோசம். சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு ஒரே பைட் என்பதால் வெட்டு சரியாக ஒரு குறியெண்ணின் முடிவில் விழுகிறது. சாய்சதுரமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 'கொத்தமல்லித் த' என்று அமைதியாகச் சேமிக்கப்பட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு 40 எழுத்து கிடைக்கிறது, தமிழில் வைப்பவருக்குச் சில நேரம் ஏழுகூட முழுதாகக் கிடைப்பதில்லை.

ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்களில் புலத்தின் அகலத்தை வார்ச்சர்2(40) என்று மட்டும் எழுதினால் இயல்பாகவே அது பைட் கணக்கு. பெயர்ப் புலத்தை 400 பைட்டுக்கு அகலப்படுத்துங்கள். இன்றைய வட்டு விலைக்கு அது ஒரு செலவே அல்ல. பயனர் கண்ணுக்குத் தெரியும் வரம்பைத் திரையிலேயே, எழுத்துக் கொத்து (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் தொகுதி) அடிப்படையில் சரிபாருங்கள். யூனிகோடின் 29-ஆம் இணைப்பு விதி இதற்காகவே இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே அப்படித்தான் எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் 'லெங்த்' பதினாறு பிட் அலகுகளை எண்ணுவதால் அது உதவாது, அந்த மொழியிலேயே உள்ள இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே வெட்டுப்பட்ட பெயர்களை இருக்கும் தரவிலிருந்து மீட்க முடியாது. பைட் நீளம் சரியாக 40 உள்ளவற்றையும் சாய்சதுரத்தில் முடிபவற்றையும் பட்டியலிட்டு, கடைகள் முதலில் ஏற்றிய கோப்போடு ஒப்பிட்டு நிரப்பித் தாருங்கள். அந்த வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்தது தேடல். கல்லாவில் நிற்கும் ஊழியர் 'சௌசௌ' என்று தட்டினால் "பொருள் இல்லை" என்று வருகிறது. காய் தட்டில் இருக்கிறது, தரவிலும் இருக்கிறது. சௌ என்பதைச் சிலர் ஔகாரக் குறியால் (குறியெண் 3020) எழுதுகிறார்கள், சிலர் ஒற்றைக்கொம்பு போட்டு அருகில் ளகரத்தை (3014, 2995) தட்டுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கொத்தமல்லியின் 'கொ'வுக்கும் இப்படி இரண்டு வழி உண்டு: ஒரே குறியாக 3018, அல்லது 3014, 3006 என்று இரண்டாக. ஆனால் இரண்டு சிக்கலுக்கும் மருந்து ஒன்றல்ல. 'கொ'வின் இரண்டு வடிவங்களும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வடிவமாக இயல்பாக்கினால் தீர்ந்தது. சௌவுக்கு அது பலிக்காது, ஏனென்றால் யூனிகோடின் பார்வையில் அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள்.

ஆகவே தேடல் அட்டவணைக்கென்று தனி விதி எழுத வேண்டும்: ஒற்றைக்கொம்பை அடுத்து ள வந்து, அந்த ளகரத்தின் மேல் வேறு குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் ஔகாரமாக எடுத்துக்கொள். குறி இருந்தால் தொடாதே. தொட்டால் வெள்ளரியும் கெளுத்தி மீனும் கெட்டுவிடும். இந்த மாற்றம் அட்டவணையில் மட்டும் நடக்கட்டும், சேமித்த பெயர் அப்படியே இருக்கட்டும். கைப்பேசியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் (8204, 8205) அதே கட்டத்தில் களைந்துவிடுங்கள். இதைச் செய்யாததால் நேரும் நட்டம் தேடலோடு நிற்பதில்லை. "இல்லை" என்று வந்ததும் ஊழியர் புதிதாக ஒரு பொருளைச் சேர்த்துவிடுகிறார். ஒரே காய்க்கு இரண்டு இருப்புக் கணக்கு. மாதக் கடைசியில் ஒன்று குறையில் போகிறது, மற்றொன்று விற்காமல் கிடப்பதாகக் காட்டுகிறது.

ரசீதில் 'வெண்டைக்காய்' அச்சாகும்போது முதலில் வ, அதன் வலப்பக்கம் புள்ளி வட்டத்தோடு தனிக் கொம்பு. நினைவகத்தில் மெய் முன்னால், கொம்பு பின்னால். எழுதும்போது கொம்பு முன்னால் போக வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருவாக்கப் பொறி. உங்கள் அச்சு நிரல் சொல்லை முழுதாக அதனிடம் கொடுக்காமல், குறியெண் ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாகத் தனித்தனியே வரைகிறது. சீன எழுத்துக்கு ஒரு குறியெண், ஒரு வடிவம், எனவே இந்த முறை தடங்கலின்றி ஓடும். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் கேட்கவே வேண்டாம். மூன்று மொழியில் சோதித்துவிட்டு நான்காவதையும் சேர்த்து விற்றால் இப்படித்தான் ஆகும்.

வெப்ப அச்சு எந்திரங்கள் பலவற்றில் உள்ளமைந்த எழுத்தட்டவணைகளை நம்பித் தமிழ் அச்சிட முடியாது. படமாகத்தான் அனுப்ப வேண்டும். முழு வரியையும் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துருவாக்கப் பொறி வழியே உருவாக்கி, படமாக்கி அனுப்புங்கள். 80 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 72 மி.மீ.; மி.மீட்டருக்கு 8 புள்ளி வீதம் 576 புள்ளிகள். 58 மி.மீ. தாளுக்கு 384. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தின் உயரம் 24 புள்ளிக்குக் கீழே போனால் ன, ண சுழிகள் அப்பிக்கொள்ளும். ஈகாரச் சுழிக்கு மேலேயும் ஊகாரக் காலுக்குக் கீழேயும் இடம் விடாவிட்டால் இப்போது நடப்பதுபோல் தலையும் காலும் வெட்டுப்படும். நீண்ட ரசீதை ஒரே படமாக அனுப்பினால் நினைவகம் குறைந்த எந்திரங்கள் பாதியில் நின்றுவிடும் என்பதால் பட்டை பட்டையாகப் பிரித்து அனுப்புங்கள்.

சில்லறைக் குறைகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். பட்டியல் குறியெண் வரிசையில் வருகிறது. 'பயத்தம்பருப்பு'க்கு முன்னால் 'பனங்கற்கண்டு', 'பட்டாணி'க்கு முன்னால் 'படிகாரம்'. அகராதி வரிசையில் னகரம் கடைசி, மெய் உயிர்மெய்க்கு முந்தியது. தமிழுக்கான வரிசை விதி ஐசியு என்ற நிரல் நூலகத்திலேயே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' (à) எழுத்துகளாகக் கொட்டுகிறது: தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224, அதை மேற்கத்திய அட்டவணைப்படி படித்தால் அந்த எழுத்துதான் வரும். கோப்பின் தலைப்பில் யூடிஎஃப்-8 என்று அடையாளம் காட்டும் மூன்று பைட்டைச் சேர்த்தால் தீரும். வாடிக்கையாளர் படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது, சாய்கோட்டை ஏற்க மறுக்கிறது. அடையாள அட்டையில் எஸ்/ஓ (இன்னார் மகன்), டி/ஓ (இன்னார் மகள்) போட்ட பெயர்கள் இந்த நாட்டில் எத்தனை இருக்கின்றன! ஒரே பெயர்ப் புலம், எந்தக் குறிக்கும் தடையில்லை என்று மாற்றுங்கள். பிறந்தநாள் வாழ்த்து அப்பாவின் பெயருக்குப் போவதும் நிற்கும்.

இனி பண விவகாரம். செய்தி எழுதும் பெட்டியின் மூலையில் '150/160 – 1 செய்தி' என்று காட்டுகிறீர்கள். மாதக் கட்டணத்தில் அதே செய்திக்கு மூன்று என்று கணக்கு வருகிறது. தொலைத்தொடர்பு நிறுவனம் மூன்றாக எண்ணுவது சரியே. ஒன்று என்று காட்டியது நீங்கள். ஒரு குறுஞ்செய்தி சுமப்பது 140 பைட். ஆங்கிலத்தை 7 பிட்டில் அடைத்தால் 160 வரும். ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் 16 பிட்டுக்கு மாறி, வரம்பு 70 ஆகிவிடும். அதையும் தாண்டினால் துண்டுகளைக் கோப்பதற்கு ஒவ்வொன்றிலும் 6 பைட் போய், துண்டுக்கு 67 மிஞ்சும். 150 குறியெண் என்றால் 67, 67, 16. தீபாவளித் தள்ளுபடியை 800 பேருக்கு அனுப்பும் கடை 800 என்று நினைத்துப் பொத்தானை அழுத்துகிறது. 2,400-க்குக் காசு போகிறது. ஆங்கிலத்தில் அனுப்புவோரும் தப்பவில்லை. உங்கள் ஆயத்த வார்ப்புருக்களில் இருக்கும் வளைந்த மேற்கோள் குறி ஒன்றே போதும், வரம்பு 70-க்கு இறங்கிவிடும்.

'வணக்கம். உங்கள் ஆர்டர் தயார். இரவு 9 மணிக்குள் வாங்கிக்கொள்ளவும்.' இது 65 குறியெண், ஒரே செய்தியில் அடங்கும். உங்கள் வார்ப்புருவோ மூன்று வாக்கியம் வாழ்த்திவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறது. செய்திகளை எண்ணிக் காட்டும் பகுதியைத் திருத்தி, அனுப்பும் முன் மொத்தத் துண்டுகளையும் தொகையையும் காட்டுங்கள். பதிவில்லாத அனுப்புநர் பெயர்கள் 'லைக்லி-ஸ்கேம்' (மோசடியாக இருக்கலாம்) முத்திரையோடு போகும் என்ற விதி 2023 ஜனவரி 31 அன்று நடப்புக்கு வந்ததால், கடைகள் பலவும் உங்கள் வழியாகவே பெயரைப் பதிந்திருக்கின்றன. நினைத்த நாளில் வேறிடம் மாற முடியாதவர்களிடம் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது.

இவற்றை எழுதிக் கேட்டபோது உங்கள் உதவிப் பிரிவு, "புதிய வசதிக்கான கோரிக்கை" என்று பெயர் மாற்றி வாக்குப் பலகையில் ஏற்றியது. அதிக வாக்கு விழுந்தால் செய்வார்களாம். பெயரைப் பாதியில் வெட்டுவது பிழை. பிழைக்கு எதற்கு வாக்கெடுப்பு? தமிழ் பேசுவோர் சிறுபான்மையாக இருக்கும் ஊரில் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால் இந்தக் கோரிக்கை என்றைக்கும் மேலே வராது என்பது பலகையை வைத்தவருக்கும் தெரியும். பதில் வராத புகார்ச் சீட்டுகளைத் தானாகவே "தீர்க்கப்பட்டது" என்று மூடும் ஏற்பாடும் அப்படித்தான்: உங்கள் மாத அறிக்கையில் எண்ணிக்கை அழகாக இருக்கும், கல்லாவில் ரசீது அப்படியே இருக்கும். இது புதிய ஆராய்ச்சியும் அல்ல. யூனிகோடின் 1991-ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. 1995-இலேயே தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி சிங்கப்பூரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். மேலே சொன்ன நூலகங்களும் எழுத்துருவும் காசில்லாமல் கிடைப்பவை.

எங்கள் கோரிக்கைகள் இவை. பெயர் வெட்டுப்படுவதையும் செய்தி எண்ணியையும் முதலில் திருத்துங்கள், இரண்டும் பெரிய வேலை அல்ல. தேடலுக்கும் ரசீதுக்கும் தேதி போட்ட திட்டம் எழுத்தில் வேண்டும். அதுவரை உயர்நிலைச் சந்தாவின் கூடுதல் தொகையை வசூலிக்காதீர்கள். திரையில் காட்டிய எண்ணிக்கைக்கும் வசூலித்த எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைவாரியாகக் கணக்கிட்டு, பொருள் சேவை வரி 9 விழுக்காட்டையும் சேர்த்துத் திருப்பித் தாருங்கள். அனுப்பிய செய்திகளின் பதிவு உங்களிடமே இருக்கிறது. 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், ஒவ்வொரு கடையும் தனித்தனியே சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தை அணுகும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கும், அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதியில்லை.

திருத்திய பதிப்பைச் சோதிக்க முருங்கைக்காய், கொத்தமல்லித் தூள், சௌசௌ, வெள்ளரிக்காய், கெளுத்தி மீன், பட்டாணி, பனங்கற்கண்டு ஆகிய ஏழு பெயர்களை, சௌவையும் கொவையும் இரண்டு வடிவிலும் தட்டி, ஒரு கோப்பாக இத்துடன் இணைத்திருக்கிறோம். சேமித்து, தேடி, வரிசைப்படுத்தி, இரண்டு அகலத் தாளிலும் அச்சிட்டு, அந்த ரசீதுகளின் படங்களைப் பதிலோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்கள்