செயலாளர் ஆண்டறிக்கை: உபகாரச் சம்பளம் பற்றி

அவையோருக்கு வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, மண்டபக் கூரைப் பழுது எல்லாம் குறையின்றி முடிந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுங்கை சிப்புட்டில் இவ்வாண்டு நம் செயலவையை இரண்டுபடுத்திய நினைவு உபகாரச் சம்பளத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அணு உலை இயற்பியலில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவருக்கென்று, மறைந்த நம் உறுப்பினரின் குடும்பத்தார் பணத்தை ஒப்படைத்தனர். பெயரை அச்சிட வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள். ஊருக்குச் சொல்லத் தேவையுமில்லை. பால்வெட்டுக்காரரின் மகனான அவர், சிலாங்கூரிலுள்ள பாங்கி அணு ஆய்வு உலை 1982 ஜூன் 28-இல் முதன்முதலாக இயங்கிய கதையைச் சொல்லக் கேட்காதவர் இங்கு யார்? மருத்துவ மாணவருக்குக் கொடுக்கலாமே என்றவர்களில் நானும் ஒருவன். குண்டுக்குத் துணைபோகிறோமா என்றுகூட ஒருவர் கேட்டார். அந்த உலையின் வெப்பத் திறன் 1 மெகாவாட். அது மின்சாரம்கூடத் தருவதில்லை, ஆய்வுக்கும் பயிற்சிக்கும்தான்.

விண்ணப்பம் ஒன்றே வந்தது. நேர்காணலில், கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற நம் துணைத்தலைவர், “உலையை எப்படியம்மா அடக்குவது?” என்றார்.

“தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எடுத்திருப்பீர்களே தாத்தா” என்று தொடங்கினார் அந்த மாணவி. யுரேனிய அணு பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறேழு மட்டும் சில நொடிகள், சில வேளை ஒரு நிமிடம்கூடப் பிந்தி வருமாம். அந்தப் பிந்திய ஆட்களை நம்பியே, ஓர் அணுவின் நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளக்கும் தொடர்வினை நடப்பதால்தான், நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டை இறக்க அவகாசம் கிடைக்கிறதாம்.

“பிந்தி வந்தவனுக்கு நான் அரைநாள் பேர்தானே போட்டேன்!” என்றார் துணைத்தலைவர். மண்டபம் சிரித்து ஓய்ந்ததும், தண்டு சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று விடாமல் கேட்டார். பாங்கி உலையின் எரிபொருளில் யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடு கலந்திருப்பதால், சூடு ஏறினாலே வினை தானாகத் தளரும் என்று பதில் வந்தது. அதன்பின் யாரும் மருத்துவத்தைப் பற்றிப் பேசவில்லை.

தோட்டங்களை வாங்குவதற்காகத் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நம் பெற்றோர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியதுபோல், இந்நிதிக்கும் கட்டலாம் என்று மகளிர் பகுதியினர் முன்மொழிந்துள்ளனர்.

ஒரு குறை. வங்கி ஒன்று நம் பதிவுச் சான்றிதழை மூன்று முறை கேட்டு இழுத்தடித்ததில், அம்மாணவியின் கட்டணக் கெடு நெருங்கிவிட்டது. பொருளாளர் தம் கைப்பணத்தைப் போட்டு முதல் தவணையைக் கட்டினார். அதைத் திருப்பித் தர இக்கூட்டம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவர் வாய்திறந்து கேட்கமாட்டார்.

செயலாளர்