பலூனை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படம் பிரமாதம், எழுத்து என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்று முடித்திருக்கிறார் எழுதியவர். அதற்குச் சாட்சியாக நாலைந்து வசனங்களைப் பிடுங்கித் தனியாக அச்சடித்து, இதெல்லாம் ஒரு எழுத்தா என்று கேட்கிறார். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பாத்திரங்கள் பேசுவதை எழுதும் வட்டத்தைத்தான் பலூன் என்கிறோம்; அந்தப் பலூனுக்குள் இருப்பது மட்டும்தான் எழுத்து என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் காமிக்ஸ் எழுதுபவரின் வேலையில் பாதிக்கு மேல் பலூனுக்கு வெளியேதான் நடக்கிறது. எந்த நொடியைக் காட்டுவது, எதைத் தாண்டிப் போவது, பக்கத்தைத் திருப்பும் இடத்தில் எதை ஒளித்து வைப்பது, எந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பது, இதெல்லாம் எழுத்து இல்லாமல் வேறு என்ன?

நான் காசிமேட்டுப் பக்கம் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். சனிக்கிழமை பாடம் கிடையாது, கதைதான். அல்லிக்குளம் காம்ப்ளக்ஸில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஸ்பைடர்மேன் பழைய கதைகளின் தொகுப்பு ஒன்று கிடைத்தது, ஆங்கிலத்தில். பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் ஓடாது. சரி, தமிழில் எழுதி ஒட்டிவிடலாம் என்று வெள்ளைக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு பலூன் மேலும் ஒட்டிக்கொண்டிருந்தேன். துண்டில் நான் இன்னும் ஒன்றுமே எழுதவில்லை, அதற்குள் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துக் கதையை முழுதாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அது ஸ்பைடர்மேன் தொடரில் 1966-இல் வந்த 33-ஆம் இதழின் கதை. ஒரு பெரிய இயந்திரத்துக்கு அடியில் ஸ்பைடர்மேன் நசுங்கிக் கிடக்கிறான், மேலேயிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, அத்தையைக் காப்பாற்ற வேண்டிய மருந்து கண் எதிரில் கிடக்கிறது, கை எட்டவில்லை. அவ்வளவுதான் நிலைமை. அவன் அதைத் தூக்கி எழுவதற்குப் பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் சின்னச் சின்னக் கட்டங்கள், போகப் போகக் கட்டம் பெரிசாகிறது, கடைசியில் ஒரு முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டு அவன் நிமிர்கிறான். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிற பையன் ஒருவன் இருக்கிறான், அவன் அந்தக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "மொதல்ல கைய ஊனிக்கிறான் பாருக்கா, அப்புறம்தான் முதுக குடுக்குறான்" என்றான். பாரம் தூக்குவதை வீட்டில் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் பொய் சொல்லவில்லை. அடுத்த வாரம் வசனத்தை எல்லாம் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அதே பையன் படித்துவிட்டுக் கேட்டான்: "இவ்ளோ வெயிட்டுக்கு அடியில மாட்டிக்கினு எப்படிக்கா இவ்ளோ பேசுவான்?"

இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஸ்பைடர்மேனை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தில் அந்தக் காலத்தில் கதையை மேலோட்டமாகப் பேசிக்கொண்டு ஓவியர் பக்கங்களை வரைந்து வருவார், வசனம் அதற்குப் பிறகுதான் ஏறும். இந்தத் தொடரில் 25-ஆம் இதழிலிருந்து கதையமைப்புக்கே ஓவியர் ஸ்டீவ் டிட்கோவின் பெயரைப் போட்டார்கள், வசனம் ஸ்டான் லீ. ஆக, அந்தப் பையன் வியந்த எழுத்து டிட்கோவுடையது, குறை சொன்ன எழுத்து லீயுடையது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் கட்டுரையாளர் இரண்டாவதை மட்டும் எடுத்து எடை போட்டுவிட்டார்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். பலூன்களை மூடிவிட்டுப் பாருங்கள், கதை நகர்கிறதா என்று. அப்புறம் படத்தை மூடிவிட்டு வசனத்தை மட்டும் படியுங்கள். வசனத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டால் அங்கே படத்துக்கு வேலையே கொடுக்கவில்லை, அது மோசமான எழுத்து. 'இதோ குத்துகிறேன் பார்' என்று சொல்லிக்கொண்டே குத்துகிற கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை. 2005-இல் கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த ஆல்-ஸ்டார் சூப்பர்மேனில் முதல் பக்கத்தைப் பாருங்கள். சூப்பர்மேனின் பிறப்புக் கதை முழுவதும் நாலே கட்டத்தில், எட்டே வார்த்தையில் முடிந்துவிடும். சூப்பர்மேன் முதலில் வந்த 1938-இலிருந்து எத்தனையோ பேர் பக்கம் பக்கமாகச் சொன்ன கதை! அதே தொடரில் பின்னால் ஒரு பக்கம் வருகிறது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் சாகத் துணிந்து நிற்கிறாள் ஒரு பெண், சூப்பர்மேன் பின்னால் வந்து நின்று, உன் டாக்டர் வராதது உண்மையாகவே தாமதமானதால்தான் என்கிறான், நீ நினைப்பதைவிட நீ பலசாலி என்கிறான். ஒரே பக்கம். மலையைத் தூக்குகிறவன் அங்கே எதையும் தூக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொரு பக்கம், காமிக்ஸை மதிக்கிறேன் என்று சொல்பவர்களும் தப்பான காரணத்துக்கு மதிக்கிறார்கள். 1986-இல் சூப்பர் ஹீரோக்களை இருட்டான கோணத்தில் காட்டிய வாட்ச்மென் வந்தது, பேட்மேனைக் கிழவனாகக் காட்டிய ஃபிராங்க் மில்லரின் கதையும் அதே வருடம். அதற்கப்புறம் மழை, ரத்தம், கெட்ட வார்த்தை மூன்றும் இருந்தால் உயர்ந்த எழுத்து என்று ஒரு நினைப்பு ஊறிவிட்டது. இருட்டாக இருப்பதால் ஒரு கதை ஆழமாகிவிடாது. 1962-இல் ஸ்பைடர்மேன் முதலில் வந்த கதை வெறும் 11 பக்கம். சக்தி வந்தால் பொறுப்பும் வரும் என்ற வரியை எல்லோரும் சொல்கிறார்கள், ஸ்பைடர்மேனின் பெரியப்பா சொன்னதாக வேறு சொல்கிறார்கள். அந்த மூலக் கதையில் அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரி. எழுத்து அந்த வரியில் இல்லை. தப்பி ஓடுகிற திருடனை எனக்கென்ன என்று ஸ்பைடர்மேன் விட்டுவிடுகிறான், அதே திருடன் பெரியப்பாவைக் கொல்கிறான், முகத்தைப் பார்த்ததும் இவனுக்குத் தெரிகிறது. அந்த முடிச்சுதான் எழுத்து.

முடிவே இல்லாமல் ஓடும் தொடர் என்பது பெரிய பலவீனம், அதை ஒத்துக்கொள்கிறேன். 1992-இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள், அடுத்த வருடமே திரும்ப வந்துவிட்டான். அப்படிப்பட்ட சாவுக்கு அழச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

கடைசியாகத் தமிழில் படித்ததைப் பற்றி. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது, எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான், மறைந்தாலும் அந்த இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு அழகான குறை! கதைக்குக் கதை சிக்கலை அந்தக் கையே கொண்டுவந்து கொடுக்கும். ஸ்பைடர் கதைகளும் எனக்கு உயிர்; இவன் ஸ்பைடர்மேன் இல்லை, பிரிட்டிஷ் காமிக்ஸில் வந்த வேறொரு நாயகன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே அவற்றில் பலவற்றை எழுதினார். ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக நன்றாக எழுதப்பட்டவை என்று சொல்ல மாட்டேன், நம்ப முடியாத திருப்பம் ஒன்றை இன்னும் நம்ப முடியாத திருப்பத்தால் சரிக்கட்டிக்கொண்டே போகும் கதைகள் அவை. மொழிபெயர்ப்பிலும் நிறைய தொலைகிறது. பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் முடிகிற சொல் தமிழில் பலூனை விட்டு வழிகிறது, ஒன்று எழுத்தைச் சிறிதாக்க வேண்டும் இல்லையென்றால் அர்த்தத்தை வெட்ட வேண்டும். தெருப் பையன் மாதிரி நக்கலடிக்கிற ஸ்பைடர்மேனை 'அடே கயவனே' என்று பேசவைத்துவிட்டு எழுத்து சரியில்லை என்றால், அது யாருடைய எழுத்து?

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காமிக்ஸ் விமர்சனம் வரும்போது வசனத்தை மட்டும் எடுத்துப் போடாமல் ஒரு முழுப் பக்கத்தை அச்சிடுங்கள். எழுதியவர், வரைந்தவர், தமிழில் கொண்டுவந்தவர் மூவர் பெயரையும் கீழே போடுங்கள். டியூஷன் சுவரில் ஒட்டிவைக்க இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை