சுவரைப் பிரித்ததைப் பற்றி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ஒரு மாதமாக ஒரு படம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் பட்டறையில் நிற்கும் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் மேடையோடு வீடு மாதிரிக் கட்டிய வண்டி) ஒன்றின் இடது பக்கச் சுவர் முழுக்கப் பிரிந்து, எலும்புக்கூடு மட்டும் தெரிகிற படம். அதற்குக் கீழே, "ஜன்னல் ஒழுகுது என்று விட்டேன், நல்ல சுவரை உடைத்து வேலை உண்டாக்கிவிட்டார்கள், எஸ்டிமேட் இரண்டு மடங்கு" என்று எழுதியிருக்கிறது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் போன் போட்டு நேராகவே கேட்டீர்கள், அதற்கு நன்றி. சிலர் எதுவும் கேட்காமல் கொடுத்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டீர்கள். புரிகிறது, ஆனாலும் மனசு கஷ்டப்படுகிறது.

எஸ்டிமேட் கூடியது உண்மை. சுவரைப் பிரித்ததும் உண்மை. அது "நல்ல சுவர்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது எழுபதுகளில் வந்த வண்டி. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நடுவே மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உட்புறம் 3 மில்லிமீட்டர் பிளைவுட் இருக்கும். எல்லா வண்டியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். 1973 முதல் 1978 வரை வந்த, அமெரிக்காவின் ஜிஎம்சி கம்பெனி மோட்டார்ஹோமின் உடம்பு அலுமினியச் சட்டத்தில் நின்றது, அதன் சுவரில் இந்தத் தொல்லை குறைவு. மரச்சட்ட வண்டிக்குப் பலமே அந்த மரம்தான். தகடு வெறும் சட்டை.

தகடும் தகடும் சேருகிற மூலையில் ஒரு அலுமினியப் பட்டை ஓடும். அதற்கடியில் தண்ணீர் புகாமல் அடைக்கிற பசையான சீலண்ட் வைத்து, திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். வண்டி ஓட ஓட உடம்பு முறுக்கிக்கொடுக்கும். வெயிலில் தகடு விரியும், குளிரில் சுருங்கும். வருஷங்கள் போகப் போகச் சீலண்ட் காய்ந்து வெடித்துவிடும். அப்புறம் தண்ணீருக்குத் திருகாணித் துளையே வாசல். உள்ளே நுழைந்த தண்ணீர் நேராகச் சொட்டாது. மரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, நுழைந்த இடத்துக்கு ஐந்தாறு அடி தள்ளி எங்கேயோ எட்டிப் பார்க்கும். உரிமையாளர் ஜன்னலோரத்தில் பார்த்தது அந்தக் கடைசிச் சொட்டைத்தான்.

நாங்கள் எடுத்த எடுப்பில் எதையும் உடைக்கவில்லை. முதலில் ஈரம் அளக்கும் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் குத்திப் பார்த்தோம். மரத்தில் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டிவிட்டால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு இடம் கொடுத்ததாகிவிடும். ஜன்னலுக்குக் கீழே 34 காட்டியது. கூரை மூலையில் அதைவிட அதிகம். உள்ளே ஒட்டியிருந்த சுவர்க்காகிதம் மட்டும் பளிச்சென்று இருந்தது, ஒரு சுருக்கம்கூட இல்லை. "நல்ல சுவர்" என்று உரிமையாளருக்குத் தோன்றியதற்கு அந்தக் காகிதம்தான் காரணம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே முதல் நாள் தட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வேலையோடு முடிந்துவிடும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

பிளைவுட்டைக் கழற்றினோம். கீழ்ச்சட்டத்தில் உளியை வைத்ததும் இறங்கிவிட்டது, சுத்தியலுக்கு வேலையே இல்லை. ஒரு முழம் நீளத்துக்கு மரம் கறுத்து, விரலால் அள்ளினால் ஈரமண் மாதிரி வந்தது. அந்த இடத்துத் திருகாணிகளில் நாலு, தலை மட்டும் தனியாகக் கையோடு வந்தன. இரும்புத் திருகாணியும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிப்புதான் மிஞ்சும்.

இதற்கு முன்னால் யாரோ அதே மூலையில் சிலிக்கானைத் தாராளமாகப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். குளியலறைக்கு நல்ல பொருள்தான், ஆனால் வண்டியின் மூலைப் பட்டைக்கு அது சரிவராது. ஒருமுறை காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கானும் ஒட்டாது, பெயிண்ட்டும் ஒட்டாது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யவே இரண்டு ஆட்களுக்கு மூன்று நாள் ஆனது. நாங்கள் போடுவது பியூட்டைல் டேப், ரப்பர் மாதிரியான ஒட்டுப் பட்டை. காய்ந்து இறுகாமல் மெத்தென்றே இருக்கும், வண்டி முறுக்கினால் கூடவே வளையும்.

"மேலே புது பிளைவுட் அடித்து மூடியிருக்கலாமே?" என்று ஒருவர் கேட்டார். மூடியிருக்கலாம், அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் ஈரமான மரத்தை மூடினால் காய்வதற்கு வழியே இல்லாமல் இன்னும் வேகமாக மக்கும். படுக்கையும் அலமாரியும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அதில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு ஏறி ராத்திரி நெடுஞ்சாலையில் போகும். என்னால் மூட முடியவில்லை.

இடது பக்கத்தோடு பின்பக்கச் சுவரையும் பிரித்தோம், அப்போது மட்டும் உரிமையாளருக்கு மறுநாள்தான் தகவல் போனது. அதற்கு அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்துவிட்டேன்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் எங்களைக் கறார் பேர்வழிகள் என்கிறார்கள். அதே வண்டியில் சமையல் மேடைக்குக் கீழே தரையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. எரிவாயு கசிந்தால் வெளியே போவதற்காக வண்டியைக் கட்டியவர்கள் விட்டது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையில் தேங்கும். இடையில் யாரோ தரைக்குப் புது வினைல் விரித்தபோது அந்த ஓட்டையையும் சேர்த்து ஒட்டிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் அதை வட்டமாக வெட்டித் திறந்து, வலை வைத்தோம். பத்து நிமிஷ வேலை. பில்லில் அது இல்லை. டயர் விஷயத்திலும் நாங்கள் கறார்தான். பட்டன் (டயரின் மேல்வரிகள்) தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2312 என்றால் 2012-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். வருஷத்தில் பத்து மாதம் நிற்கிற வண்டியில் டயர் தேயாது, வயசாகித்தான் போகும். பத்து வருஷம் தாண்டிய டயரோடு எந்த வண்டியையும் நாங்கள் வெளியே அனுப்புவதில்லை.

வீட்டு வேலைகளுக்கு வருகிறேன். குளியலறை டைல்ஸ், சமையலறை அலமாரி, ஓதம் ஏறிய சுவர் என்று உங்களில் பாதிப்பேர் எங்களுக்குக் கொடுப்பது அதுதான். அங்கேயும் எங்கள் வழக்கம் இதேதான். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பெயிண்ட் அடிக்க மாட்டோம். மிகப் பழைய வீடுகளின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தூசி பறக்க உலர்வாகத் தேய்க்க மாட்டோம், நனைத்துத்தான் சுரண்டுவோம். அதனால் நாள் பிடிக்கிறது.

நாள் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 11 வருஷம் எங்களோடு இருந்த மூத்த தச்சர் இந்த வருஷ ஆரம்பத்தில் சொந்தப் பட்டறை போட்டுவிட்டார். நல்ல மனசோடுதான் அனுப்பி வைத்தோம். ஆனால் வளைந்த கூரைச் சட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் அளவெடுக்கிற அந்தக் கண் இன்னொருவருக்கு ஒரே நாளில் வந்துவிடுமா? இப்போது இரண்டு இளைஞர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் போன வாரம் செய்த மூலை இணைப்பை நான் நகத்தால் தடவிப் பார்த்தேன், இடைவெளி தட்டவில்லை. ஈரம் தாங்குகிற மரைன் பிளைவுட், சீலண்ட், ஜன்னல் ரப்பர் எல்லாமே விலை ஏறிவிட்டது. பழைய வண்டிக்குப் பல பாகங்கள் இப்போது தயாராவதே இல்லை, கழித்துப் போட்ட வண்டிகளில் தேடித்தான் எடுக்கிறோம்.

இதையெல்லாம் யோசித்து, அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஒரு வீட்டு வேலை, இரண்டு வண்டி என்று வைத்துக்கொள்கிறோம். பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் எஸ்டிமேட் தர மாட்டோம். பிரித்துப் பார்க்கத் தனிக் கட்டணம், வேலையைக் கொடுக்காவிட்டாலும் அது திரும்பாது. மற்றக் கட்டணங்களும் சற்று மாறுகின்றன, புதிய பட்டியல் முன்மேஜையில் இருக்கிறது. இனி எந்தச் சுவரில் கை வைத்தாலும் முதலில் உங்களுக்குப் படம் வரும், நீங்கள் சரி என்று சொன்ன பிறகே அடுத்த திருகாணி கழலும்.

இந்த ஒரு மாதத்தில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களை மறக்க முடியாது. தன் வண்டி மூன்று வாரம் தாமதமானபோதும் "அவசரப்படாதீங்க, மழைக்காலத்துக்குள்ள முடிஞ்சா போதும்" என்ற அம்மா. தன்னிடம் சும்மா கிடந்த பழைய ஜன்னல் ரப்பர் சுருளை, யாருக்காவது உதவும் என்று கொண்டுவந்து கொடுத்த ஐயா. அந்தச் சுருள் இப்போது இதே வண்டிக்குத்தான் போகிறது. படத்துக்குக் கீழே "என் வீட்டுக் குளியலறை ஆறு வருஷமாக ஒழுகவில்லை" என்று எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் போட்டால் கூச்சப்படுவார். உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அந்த வண்டியின் புதுச் சட்டங்கள் ஏறிவிட்டன, மீட்டர் இப்போது 12 காட்டுகிறது. வெட்டி எடுத்த பழைய மரத்தைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம். வருகிற சனிக்கிழமை காலை ஹோஸ் குழாயால் அரை மணி நேரம் கூரை மூலையில் தண்ணீர் அடிக்கப் போகிறோம். உரிமையாளர் உள்ளே உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்