இரண்டாம் கடையிலேயே வாங்கு

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. கொல்லை முருங்கை போன வாரக் காற்றில் முறிந்து விழுந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. குட்டிக்கு முன்பல் விழுந்ததை மாப்பிள்ளை ஸ்டேட்டஸில் பார்த்தேன். நீ சொல்லித் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சரி.

உன் புது வீட்டுக்குப் பைப்பும் குழாயும் வாங்க, குரூப்பில் நீ போட்ட மூன்று கொட்டேஷனையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. முதல் கடை 1,19,500. இரண்டாம் கடை 1,31,000. கடைசியில் நம்ம கடை, 1,42,600. அண்ணன் பார்த்தான், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். நீ அவனிடம் பேசி இன்றோடு இருபத்திரண்டு நாள். கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். வீடு கட்டுகிறவளுக்கு வேலை இருக்கத்தான் செய்யும்.

விலையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் கடைத் தாளின் அடியில், முத்திரைக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறது. ஜி.எஸ்.டி. தனியாம். 18 சதவீதம் போட்டுப் பார், 1,41,010 வரும். நமக்கும் அவனுக்கும் வித்தியாசம் 1,590 ரூபாய்தான். ஆபீசில் கோடிக்கணக்கில் கணக்குப் பார்க்கிறவள், சொந்த வீட்டுக் கணக்கில் கடைசி வரியைப் படிக்காமல் விடலாமா? உன் அப்பா எந்தத் தாளையும் அடியிலிருந்துதான் படிப்பார்.

இன்னொன்று. அவன் ‘1 இன்ச் சிபிவிசி பைப்’ என்று மொட்டையாக எழுதியிருக்கிறான். எஸ்.டி.ஆர். எத்தனை? பைப்பின் வெளி விட்டம் அதன் கனத்தைப் போல எத்தனை மடங்கு என்கிற எண் அது. 11 என்றால் பைப்பின் கனம் 2.6 மில்லிமீட்டர். 13.5 என்றால் 2.1. எண் கூடினால் பைப் மெலிசு, நீ தலைகீழாகப் புரிந்துகொள்ளாதே. வெளிச்சுற்று இரண்டுக்கும் ஒன்றுதான், வளைவுக்கு ஒரே எல்போதான் மாட்டும். அதனால் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. வெட்டின முனையில் விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். சுவரைக் காடியெடுத்துப் பதித்துப் பூசிவிட்டால் அப்புறம் ஆண்டவனுக்குத்தான் தெரியும். 13.5 மட்டமான பைப் என்று சொல்லவில்லை. அதன் விலையை 11 விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காதே என்கிறேன். கக்கூஸ் பைப்பும் இதே கதைதான். நாலு இன்ச்சில் ஏ டைப் கனம் 2.2, பி டைப் 3.2. ஏ மழைத்தண்ணி இறங்க. கக்கூசுக்கு பி. விலை குறைவாக இருக்கிறதே என்று ஏ-யை இறக்கிவிடப் போகிறார்கள், நீ பக்கத்தில் நின்று பார். பில்லில் எஸ்.டி.ஆர். எண்ணை எழுதச் சொல். டைப்பையும் எழுதச் சொல்.

நீளத்தையும் பார்த்துக்கொள். 10 அடி பைப் என்பார்கள், இருப்பது 3 மீட்டர், ரெண்டு இன்ச் குறையும். அது பரவாயில்லை, எல்லாக் கடையிலும் அப்படித்தான். 3 மீட்டர் விலையையும் 5 மீட்டர் விலையையும் ஒன்றாக நினைத்துவிடாதே, அவ்வளவுதான்.

தண்ணீர் திறக்கிற குழாயைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதே. ஒரே மாதிரி மினுமினுக்கும். பித்தளை என்றால் கனக்கும், துத்தநாகக் கலவை என்றால் லேசாக இருக்கும். போட்டோவில் எடை தெரியாது, பாப்பா.

‘அதே கம்பெனி, அதே பைப், ஊருக்கு ஊர் ஏன் விலை மாறுகிறது?’ என்று மாப்பிள்ளை அண்ணனிடம் கேட்டாராம். நியாயமான கேள்வி. கம்பெனி ஒரு லிஸ்ட் விலை போடும். அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. அதில் எத்தனை சதவீதம் தள்ளுகிறோம் என்பதுதான் வியாபாரம். லோடு லோடாக எடுக்கிற கோயம்புத்தூர்க்காரனுக்கு ஒரு தள்ளுபடி, மாதம் அரை லோடு எடுக்கிற தஞ்சாவூர்க்காரனுக்கு வேறு. கைமேல் பணம் கொடுத்தால் அதற்கு ஒரு கழிவு. நம்மைப் போல முப்பது நாள் கடன் சொல்கிறவர்களுக்கு அது கிடையாது. மார்ச் கடைசியில் டார்கெட்டை எட்டுவதற்காக அசலுக்கே தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. கம்பெனி கொடுக்கும் வருஷக் கழிவில் பார்த்துக்கொள்வார்கள். வண்டி வாடகை வேறு. நாலு இன்ச் பைப்பை அடுக்கினால் லாரியில் முக்கால்வாசி காற்றுதான் போகும். சின்ன பைப்பைப் பெரிய பைப்புக்குள் சொருகி அனுப்பினாலும் கட்டாது. இங்கிருந்து உனக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறேன் என்று அண்ணன் சொன்னது பாசத்தில் சொன்னது, கணக்கில் சொன்னதில்லை.

பிளம்பர் எந்தக் கடையைக் கை காட்டினார் என்று நீ எழுதவில்லை. முதல் கடையாகத்தான் இருக்கும். காட்டினவருக்கு அந்தக் கடையிலிருந்து பங்கு போகும். குழாய்ப் பெட்டிக்குள் கூப்பன் இருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும், அதைச் சேர்த்துத்தானே நீ சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி விளையாடுவாய். இப்போது போனில் ஸ்கேன் செய்தால் பாயிண்ட் ஏறுகிறது. அவரைக் கோபிக்காதே, கடைக்காரர்கள்தான் பழக்கிவிட்டோம். நம்ம கடையிலும் எட்டு சதவீதம் அதற்கென்றே விலையில் ஏற்றி வைத்திருப்போம்.

பில்லில் எஸ்.டி.ஆர். எழுதச் சொல், மறக்காதே.

இதையெல்லாம் எழுதிவிட்டு ராத்திரி மூடி வைத்துவிட்டேன். காலையில் மறுபடி எடுத்திருக்கிறேன்.

நம்ம கொட்டேஷனில் அந்த எட்டு சதவீதம் இருக்கிறது, பாப்பா. உன் வீட்டுக்கு நம்ம ஊர் பிளம்பர் யாரும் வரவில்லை. யாருக்கும் நாம் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டால் ஏறக்குறைய உன் இரண்டாம் கடை விலை வந்து நிற்கும். நீயும் அதைக் கண்டுபிடித்திருப்பாய், அதனால்தான் ஒன்றும் எழுதாமல் போட்டோவை மட்டும் போட்டாய். ஆனால் அந்த விலையைப் போட்டது அண்ணன் இல்லை. நான். அவன் அன்றைக்குக் கும்பகோணம் போயிருந்தான். வெளியாளுக்குப் போடுகிற விலையைத்தான் உனக்கும் போட்டேன். கை தவறிப் போடவில்லை.

2021-ல் பைப் விலை ஏறிக்கொண்டே போனது உனக்குத் தெரியும். புது லிஸ்ட் வந்த மை காய்வதற்குள் அடுத்த லிஸ்ட் வரும். வாங்கி அடுக்கினவன் எல்லாம் ஜெயித்தான். 2022 மார்ச்சில் அண்ணன் போதும் என்றான். நான்தான், இன்னும் ஏறும், ரெண்டு லோடு எடு, அப்பாவாக இருந்தால் எடுத்திருப்பார் என்றேன். அப்பா பெயரைச் சொன்னால் அவன் எதிர்த்துப் பேசமாட்டான். அடுத்த மாதமே இறங்க ஆரம்பித்தது, தீபாவளி வரைக்கும் இறங்கியது. உயர்ந்த விலைக்கு வாங்கினதை இறங்கின விலைக்கு விற்றோம். அந்தக் கடன் இன்னும் முடியவில்லை. உன்னிடம் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான். மாதா மாதம் அவன் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு, மகளிடமிருந்து ஒரு பதினோராயிரம் வந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தில் பிரிண்ட் போட்டுவிட்டேன்.

நீ அவனிடம் பேசாமல் இருக்கிறாய். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறான். இருபத்திரண்டு நாளாக நான் நடுவில் உட்கார்ந்து ரசம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது வயதில் நீ கல்லா ஸ்டூலில் ஏறி நின்று, பெட்டி மேல் அசல் விலைக்கு அப்பா ஸ்கெட்ச் பேனாவால் போட்ட ரகசிய எழுத்தைப் படித்து, “அம்மா, இதோட அசல் எண்பத்திரண்டுதானே, நூத்திப் பதினஞ்சுங்கறியே” என்று கத்தினாய். வாங்க வந்த ஆள் எதிரிலேயே உன்னை அறைந்தேன். வாங்காமல் போய்விட்டார். உன்னைச் சாப்பிட வைக்க அப்பா பரோட்டா வாங்கி வந்தார். உனக்கு அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாம் கடையிலேயே வாங்கு. வரியோடு சேர்த்த விலை, எஸ்.டி.ஆர். 11 என்று எழுதியிருக்கிறான், பி டைப் என்றும் எழுதியிருக்கிறான். ஒழுங்கான ஆள். நம்மிடம் வாங்க வேண்டாம், லாரி வாடகை தண்டம்.

ஆனாலும் இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதே சாமான், அதே அளவு, வரிசையாக எழுதி, நமக்கு அடங்குகிற அசல் விலையை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்ம எழுத்திலேயே போட்டிருக்கிறேன். நீ மறந்திருக்கமாட்டாய். மாப்பிள்ளைக்குச் சத்தமாகவே படித்துக் காட்டு. இரண்டாம் கடைக்காரனிடம் இன்னும் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம் என்று தெரியும்.

அண்ணன் ஒன்பது மணிக்கு மேல் கடையடைத்துவிட்டுச் சும்மாதான் இருப்பான்.

அம்மா

பின்குறிப்பு: பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவை வெயிலில் வைக்கவிடாதே, இறுகிப்போகும்.